மழை சொல்பவரிடம் காரைக்குடிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்றில் இரவுச் செய்திக்குப் பிறகு வானிலை சொல்வது என் வேலை. கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் கேள்வி வரும். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போதும் வந்திருக்கிறது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாளைக்கு மழை வருமா?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பது விழுக்காடு வாய்ப்பு என்று கணக்கு காட்டினால், அந்த முப்பது ஆளுக்கு ஆள் வேறு பொருள் கொள்கிறது.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி தொலைபேசியில் கூப்பிடுவார். "தம்பி, கூழ் காய்ச்சலாமா?" வடகம் பிழிய வேண்டும், மொட்டை மாடியில் வேட்டியை விரித்தாயிற்று. முப்பது என்றால் அவருக்கு நான் "காய்ச்சுங்கள் ஆச்சி" என்பேன். கெட்டால் ஒரு படி அரிசி மாவோடு போகும். மாலை மூன்று மணிக்கு மேல் ஓர் ஆளை மாடியில் வைத்துக்கொண்டால் அதுவும் போகாது. அதே நாளில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கல்யாணம், வாசலில் ஐந்நூறு பேருக்குப் பந்தி. அவருக்கு முப்பது பெரிய எண். கீற்றுப் பந்தலை விட்டுத் தகரக் கொட்டகை போடச் சொல்வேன். களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருப்பவருக்குப் பத்து விழுக்காடே போதும், தார்ப்பாயை எடுத்து வைக்க. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர் நாளைய மழையைக் கேட்கவே மாட்டார். தொட்டியில் ஊறிய கல்லை எடுத்து அடுக்க, சேர்ந்தாற்போல் சில நாள் வெயில் உண்டா என்றுதான் கேட்பார். இத்தனை பேருக்கும் ஒரே வரியில் "வரும்", "வராது" என்று சொன்னால் பாதிப் பேருக்குக் கெடுதல் செய்தவன் ஆவேன்.

நீங்களே கணிக்கிறீர்களா, யாரோ எழுதியதைப் படிக்கிறீர்களா?

எச்சரிக்கை என்று வந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை சொன்னதை மட்டுமே சொல்வேன், ஒரு நிறத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்ல மாட்டேன். 1875-இல் தொடங்கிய துறை அது. புயலுக்கும் கனமழைக்கும் ஊர் முழுக்க ஒரே குரல் கேட்க வேண்டும். ஆளுக்கொரு எச்சரிக்கை கொடுத்தால் கடைசியில் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்குக் கீழே உள்ள சில்லறை வேலை என்னுடையது. சென்னை மண்டல மையத்தின் அறிக்கை, இன்சாட் செயற்கைக்கோள் படங்கள், காரைக்கால் ரேடார், வானம் அடுத்து எப்படி மாறும் என்று கணக்கிட்டுக் காட்டும் ஐரோப்பிய, அமெரிக்கக் கணினி மாதிரிகள் ஆகியவற்றைப் பார்ப்பேன். "தென் தமிழக மாவட்டங்களில்" என்று வரும் வரியை எடுத்து, அது சாக்கோட்டைக்கு என்ன, திருப்பத்தூருக்கு என்ன என்று பிரித்துப் பார்ப்பேன். மாதிரிகள் இரண்டும் ஒத்துப்போனால் குரலை உயர்த்திச் சொல்வேன். முட்டிக்கொண்டால், முட்டிக்கொள்கின்றன என்பதையும் நேயர்களிடம் சொல்லிவிடுவேன். அதைத் தயாரிப்பாளர்கள் விரும்புவதில்லை.

ரேடாரில் ஒன்றும் தெரியவில்லை, என் வாசலில் தூறுகிறதே?

நியாயமான கேள்வி. நமக்கு வாய்த்த ரேடார் காரைக்காலில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ரேடாரின் அலை தரையோடு ஒட்டிப் போகாது. சற்று நிமிர்ந்துதான் கிளம்பும், போகப் போகப் பூமியும் வளைந்து கீழே இறங்கும். நம் ஊருக்கு மேலே வரும்போது அந்த அலை சுமார் இரண்டரை கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் எழும்பும் இடிமேகம் அதில் நன்றாக மாட்டும். மார்கழியில் தாழ்வாகத் தொங்கிக்கொண்டு நசநசவென்று தூறும் மேகம் அலைக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். படத்தில் நீலப் புள்ளிகூட இருக்காது, உங்கள் சட்டை மட்டும் நனைந்திருக்கும்.

ஆகவே தூறலுக்கு ரேடாரை நம்ப வேண்டாம். இடிமழைக்கு நம்பலாம்.

காரைக்குடியில் கொட்டுகிறது, தேவகோட்டையில் ஒரு சொட்டு இல்லை. ஏன்?

ஆடி முதல் புரட்டாசி வரை நமக்கு வருவது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகலெல்லாம் தரை காய்கிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைகிறது. தொண்டிக் கடற்கரை இங்கிருந்து நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை அது எங்கே மோதுகிறதோ அங்கே மேகம் குத்திட்டு எழும்பும். நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் கிளம்பிய மேகம் கிழக்கே நகர்ந்து, இருட்டிய பிறகு நம் ஊரைத் தொடும். தனித்தனிக் கட்டிகளாகத்தான் வரும். ஒரு கட்டியின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் ஒரு மணி நேரத்துக்கு முன்பின். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேவகோட்டைக்கு அது வந்து சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சில நாள் காரைக்குடிக்குள்ளேயே செக்காலையில் பெய்து கல்லூரிச் சாலையில் பெய்யாது.

வடகிழக்குப் பருவமழை வேறு குணம். அப்போது வங்கக் கடலிலிருந்து மேகக் கூட்டம் மொத்தமாக உள்ளே வரும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. கண்மாய் நிரம்புவது அதில்தான். ஆவணி இடிமழை மண்ணை நனைக்கும், வெக்கையைக் குறைக்கும், மின்கம்பத்தைச் சாய்க்கும். கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் சேர்த்தால் பெரிது.

"ஓரிரு இடங்களில்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறீர்களா?

அது தப்பிக்கும் வழி இல்லை, அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். பாதி வரை என்றால் ஒரு சில இடங்கள், முக்கால் வரை பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். கனமழை என்பதற்கும் அப்படியே: காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் கனமழை. 115.6 என்றால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு தயாராக இருக்க, சிவப்பு உடனே செயலில் இறங்க. வண்டி ஓட்டுபவருக்கு முன்கண்ணாடி மறைந்தாலே கனமழைதான். புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் அந்த அளவுகோலை வைத்திருப்பவர்கள்.

நாளைக்குப் பள்ளி விடுமுறையா?

எனக்கு வரும் அழைப்புகளில் இதற்கே முதலிடம். பெரியவர்களின் போனிலிருந்து பிள்ளைகள் குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "சார், நான் அப்பா பேசுகிறேன்" என்று தொடங்குவார்கள்.

விடுமுறையை முடிவு செய்பவர் மாவட்ட ஆட்சியர். நான் இல்லை, வானிலை ஆய்வுத் துறையும் இல்லை. சென்னை மண்டல மையத்தில் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்ற ரமணன் அவர்கள் தொலைக்காட்சியில் தோன்றினாலே விடுமுறை என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நம்பினார்கள். அவர் நிதானமாக "அடுத்த 24 மணி நேரத்தில்" என்று தொடங்குவார், இங்கே பையைத் தூக்கி மூலையில் வைத்துவிடுவார்கள். அந்த நம்பிக்கையின் மிச்சம் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சிக்கல் உண்டு. காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு ஊர்களில் கணிசமானவை புதுக்கோட்டை மாவட்டம். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விடுமுறை விட்டு இந்தப் பக்கம் விடாத நாளில், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னைப் பார்க்கும் பார்வை தாங்க முடியாது. மழை ஒன்றுதான், ஆட்சியர்கள் இருவர்.

படத்தின் முன் நின்று எப்படி ஊர்களைச் சரியாகக் காட்டுகிறீர்கள்?

பின்னால் படமே கிடையாது. வெறும் பச்சைத் துணி. கணினி அந்தப் பச்சையை நீக்கிவிட்டு வரைபடத்தை வைக்கிறது. நான் பார்ப்பது கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய திரையை. அதில் என் உருவமும் படமும் சேர்ந்து தெரியும், அதைப் பார்த்துக் கையை நகர்த்த வேண்டும். காற்றில் கையை வைத்து "இது அறந்தாங்கி" என்று சொல்லப் பழகச் சில வாரம் ஆகும். முழுத் தமிழ்நாட்டுப் படத்தில் நம் பகுதி கட்டைவிரலுக்குள் மறைந்துவிடுகிறது. அதனால் பொன்னமராவதி முதல் தொண்டி வரை, திருப்பத்தூர் முதல் அறந்தாங்கி வரை தனிப் படம் வரைந்து வாங்கிக்கொண்டேன். புதுவயலும் கண்டனூரும் பெயரோடு திரையில் வந்த அன்று வந்த பாராட்டு, எந்தக் கணிப்புக்கும் வந்ததில்லை.

பச்சை உடுத்த முடியாது. பச்சைக் கரை வேட்டியோடு நின்றால் கரை இருக்க வேண்டிய இடத்தில் வங்காள விரிகுடா ஓடும்.

பழமொழிகளையும் பஞ்சாங்கத்தையும் நம்புவீர்களா?

பழமொழிகளில் இரண்டு ரகம். கண்ணால் கண்டதைச் சொல்பவை ஒரு ரகம். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்", "அந்தி ஈசல் அடைமழைக்கு அறிகுறி" என்பவை அந்த வகை. காற்றில் ஈரம் ஏறும்போது பூச்சிகளின் நடமாட்டம் மாறுவது உண்மைதான். ஆனால் அவை சொல்வது அடுத்த சில மணி நேரத்தை. கல்யாணத் தேதிக்கு உதவாது.

நாள் குறித்துச் சொல்பவை இன்னொரு ரகம். "கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை" என்று வயதானவர்கள் கார்த்திகை கடைசியில் குடையை மடித்து உள்ளே வைப்பார்கள். அதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23-இல் வந்தது, மார்கழி இரண்டாம் வாரம். 2023-இல் மார்கழி பிறந்த டிசம்பர் 17-ஆம் தேதிதான் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டத் தொடங்கியது. மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களுக்கு அது ஓர் ஆண்டு மழை.

இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கம் சொல்லும் கணக்கைப் பற்றிக் கேட்டால், சித்திரை முதல் நாள் வீட்டில் படிக்கும்போது நானும் உட்கார்ந்து கேட்பேன். அதை வைத்து விதைக்க மாட்டேன். கணினி மாதிரிகளும் ஒரு வாரத்துக்கு அப்பால் தேதி சொல்லித் தாக்குப்பிடிப்பது கடினம். இரண்டு மாதத்துக்கு அப்பால் உள்ள முகூர்த்தத்துக்கு மழை உண்டா என்று கேட்பவர்களுக்கு, கொட்டகைக்கு முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்பதே என் பதில்.

புயல் கடலோரத்துக்குத்தானே? நமக்கு என்ன?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கரையேறியதும் ஓய்ந்துவிடவில்லை. மேற்கே நகர்ந்து புதுக்கோட்டை மாவட்டத்தைக் கிழித்துக்கொண்டு போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நம் பக்கத்துக் கிராமங்களிலும் மரம் விழாத தெரு குறைவு. காற்றைவிட அதற்குப் பிந்திய நாட்கள்தான் கொடுமை. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. பலர் வீட்டுக் கிணற்றில் வாளியும் கயிறும் தேடியது அப்போதுதான். கப்பியே இல்லாத கிணறுகள் நிறைய.

அதிலிருந்து என் புயல் நேர நிகழ்ச்சியில் காற்றின் வேகத்துக்கு ஒரு நிமிடம்தான். மிச்ச நேரம் தொட்டியை நிரப்புங்கள், போனுக்கு மின்னேற்றிக்கொள்ளுங்கள், தென்னைக்கு அடியில் காரை நிறுத்தாதீர்கள் என்பதற்குத்தான். மின்சாரம் போனால் கேபிளும் போய்விடும், நான் பேசுவது யாருக்கும் கேட்காது. எனவே சொல்ல வேண்டியதை முந்தைய நாளே சொல்லி முடித்துவிட வேண்டும்.

மின்னலுக்கு என்ன செய்வது?

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று வினாடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் வெட்டவெளியில் நிற்கக் கூடாது. ஒற்றை மரத்தடி மிக மோசமான இடம், ஆடு மேய்ப்பவர்கள் ஒதுங்குவதும் அங்கேதான். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அருகில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். கண்மாய்க் கரையில் ஆடு ஓட்டும் பிள்ளைகளின் போனில் அதைப் பதிந்துகொடுப்பதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

இளங்கலையில் இயற்பியல் அல்லது கணிதம். பிறகு வானிலையியலில் முதுகலை. கொச்சிப் பல்கலைக்கழகத்திலும் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அரசு வேலை வேண்டுமானால் வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் தேர்வு எழுதலாம். அமெரிக்காவில் தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர்களுக்கு அங்குள்ள வானிலைக் கழகம் 2005 முதல் தேர்வு வைத்துத் தனிச் சான்றிதழே தருகிறது. இங்கே பெரும்பாலும் செய்தி வாசிப்பவரே வானிலையையும் வாசித்துவிடுகிறார். நான் இயற்பியல் படித்தவன். மிச்சத்தைப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன், இன்னும் முடியவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, வரலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: குரல் ஒரு வாரத்தில் சலித்துவிடும், கணக்கைப் படியுங்கள்.

சம்பளம்?

பகலில் டியூஷன் எடுக்கிறேன். இதிலேயே பதில் இருக்கிறது.

ஊர்க்காரராக இருப்பது வேலைக்கு உதவியா, தொல்லையா?

இரண்டும்தான். பெரிய சேனலில் வானிலை சொல்பவர் மறுநாள் பார்வையாளர் எவரையும் பார்க்க வேண்டியதில்லை. நான் காலையில் பால் வாங்கப் போனாலே கணக்குக் கேட்கப்படும். ஆனால் அதே தெருதான் எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நாட்களில், நான் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் விடியலுக்கு முன்பே நடக்கத் தொடங்குகிறார்கள். நத்தம், திண்டுக்கல் சாலையில் பனிமூட்டம் எத்தனை மணிக்கு இறங்கும், லாரிக்காரருக்கு எதிரே நடப்பவர் தெரிவாரா என்பதே கேள்வி. பையில் ஒளிரும் பட்டை ஒட்டச் சொல்லி முதலில் கேட்டது ஒரு காவடி எடுப்பவரின் அம்மா. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் திரையில் சொல்கிறேன்.

பிள்ளையார்பட்டி சதுர்த்தி ஆவணியில், மாலை இடிமழைக் காலத்தில் வருகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டு தையில், பெரும்பாலும் காய்ந்த வானம். இரண்டுக்கும் என்னைத் தேடி வருவார்கள். ஒன்றில் மழை நேரம் கேட்பார்கள், மற்றதில் வெயிலைக் கேட்பார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுவார்கள். குறைந்தது ஒரு காகித எரிமலையும், ஒரு தண்ணீர்ச் சுழற்சி அட்டையும் பார்க்காமல் வெளியே வர முடியாது.

மழை பொய்த்த ஆண்டில்தான் ஊர்க்காரனாக இருப்பது கனக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களிடம், அடுத்த வாரமும் ஒன்றும் தெரியவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் திட்டவில்லை. "சரி தம்பி" என்று போனை வைத்துவிட்டார்கள்.

எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் எவ்வளவு மழைநீர் கிடைக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 930 லிட்டர். வளவு வீடுகளில் கூரை அதைப்போல் பல மடங்கு. நான்கு பக்கத் தாழ்வாரமும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். முதல் சாரலை ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு மூலையில் விழும் தண்ணீருக்கு நேராகப் பித்தளை அண்டாவை நகர்த்தி, வாயில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று ஆச்சிமார் சொல்வது சரிதான், மழைநீரில் உப்புக் குறைவு. மிஞ்சியது வடிகால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி ஊரையே சரிவு பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று அந்த வடிகால்கள் பலவற்றின் மேல் படிக்கட்டும் கார் ஏறும் சரிவும் கட்டியாயிற்று. ஐந்து சென்டிமீட்டர் மழைக்கே தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஊருணி காய்ந்து கிடக்கிறது. என்னிடம் வந்து, முன்பெல்லாம் இவ்வளவு மழை பெய்யாதே என்கிறார்கள். மழை அப்படியேதான் பெய்கிறது ஐயா, உங்கள் வாசற்படியைப் பாருங்கள்.

நானும் மழை அளந்து அனுப்பலாமா?

தாராளமாக. பள்ளத்தூர், புதுவயல், கோனாபட்டு என்று பல ஊர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் அளவு வருகிறது. பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். பக்கவாட்டில் வளைவு நெளிவில்லாத இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்துக் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே புனல்போல் தலைகீழாக வையுங்கள். அடியில் மேடுபள்ளம் மறையும் வரை சிறு கற்களையும் சிமெண்டையும் இட்டுச் சமப்படுத்தி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, மேலே மில்லிமீட்டர் கோடு போடுங்கள். பாட்டிலின் அகலம் எதுவானாலும் அளவு மாறாது, வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் போதும்.

முற்றத்தில் வைக்காதீர்கள், கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழுந்து உங்கள் வீட்டில் மட்டும் ஊழிப் பெருமழை பெய்ததாகக் காட்டும். மாடி விளிம்பும் ஆகாது, காற்று தள்ளிவிடும். சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, வெட்டவெளியில் கல் அணைத்து வையுங்கள். காலை எட்டரைக்குப் பார்த்து, எழுதி, கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளிலும் சுழியம் என்று அனுப்புங்கள். ஒன்றும் அனுப்பாவிட்டால், மழை இல்லையா நீங்கள் ஊரில் இல்லையா என்று எனக்குத் தெரியாது.